எதிராளி ரேட்டை உடைத்தால் முதலில் காகிதத்தை எடுங்கள்

தண்ணீர் வடிகட்டிக்குள் போடும் கார்ட்ரிட்ஜ் செய்கிற ஒரு நிறுவனத்தில் பதினெட்டு ஆண்டுகள் அடக்கக் கணக்கு பார்த்தவன் நான். ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் விற்பனை மேலாளர் எதிர்க் கம்பெனியின் புது விலைப்பட்டியலைச் சுருட்டிப் பிடித்தபடி முதலாளியின் அறைக்குள் வந்தார். “எட்டு பர்சென்ட் இறக்கிட்டான் சார். நாம பத்து இறக்கணும். இன்னிக்கே லெட்டர் போகணும்” என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார். “இறக்கலாம் சார், நட்டம் வராது” என்றேன்.

பொய் இல்லை. 100-க்கு விற்ற பொருளுக்கு மூலப்பொருள், கூலி, பெட்டி, லாரி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்த்து 72 ஆனது. 90-க்கு விற்றாலும் 18 மிஞ்சும். கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான். ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. எங்கள் விலை ஆறு மாதத்தில் 84-க்கு வந்து நின்றது. திரும்ப மேலே ஏற இரண்டு வருடம் பிடித்தது. இப்போது நான் சிறு உற்பத்தியாளர்களுக்கு விலை போட உதவுகிறேன். போட்டிக்காக விலையைத் தொடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாதி, நான் அன்று செய்யாமல் விட்டவை.

எத்தனை கூடுதலாக விற்க வேண்டும்?

இதற்கு ஒரு வகுத்தல் போதும். எவ்வளவு இறக்குகிறீர்களோ அந்தத் தொகையை, இறக்கிய பிறகு ஒரு பொருளில் மிஞ்சும் தொகையால் வகுங்கள். எங்கள் கணக்கில் 10-ஐ 18-ஆல் வகுத்தால் 0.56 வரும். அதாவது பழைய லாபத்தைத் தொடுவதற்கே 56 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். மாதம் 1000 பெட்டி விற்றவர்கள் 1556 பெட்டி விற்க வேண்டும். எங்கள் இயந்திரங்களை மூன்று ஷிப்ட் ஓட்டினாலும் 1300-க்கு மேல் வராது. வாடிக்கையாளர்கள் வரிசை கட்டி நின்றிருந்தாலும் கொடுக்கச் சரக்கு இருந்திருக்காது! இதை முதலாளியின் மேசையிலேயே ஒரு நிமிடத்தில் போட்டுப் பார்த்திருக்கலாம்.

இதே வகுத்தலை வேறு வியாபாரங்களுக்குப் போட்டுப் பாருங்கள். 100-க்கு விற்று 20 மிஞ்சுகிறவர் 10 இறக்கினால் விற்பனை இரட்டிப்பாக வேண்டும். 40 மிஞ்சுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு கூடினால் போதும். மென்பொருள் மாதிரி 70 மிஞ்சுகிற தொழிலில் 17 சதவீதம். மென்பொருள்காரர்கள் சும்மா சும்மா பாதி விலை என்று அறிவிப்பதைப் பார்த்து, வாங்கி விற்கிறவர் அதே வேலையைச் செய்தால் கடை காலி. விரலுக்கேற்ற வீக்கம் என்பது இங்கே வெறும் பழமொழி இல்லை, வகுத்தல் கணக்கு.

கணக்கைத் திருப்பியும் போடலாம். 28 மிஞ்சுகிறவர் விலையை 10 ஏற்றினால் 38 மிஞ்சும். 26 சதவீத விற்பனையை இழந்தாலும் பழைய லாபம் அப்படியே நிற்கும். இதை நான் சொல்லும்போது எந்த முதலாளியும் உடனே நம்பியதில்லை. கால்குலேட்டரை வாங்கி அவர்களே ஒருமுறை போட்டுப் பார்ப்பார்கள்.

இதில் ‘செலவு’ என்று எழுதும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு பெட்டி கூடுதலாக விற்றால் கூடும் செலவை மட்டும் எழுத வேண்டும். வாடகை, மேலாளர் சம்பளம், இயந்திரக் கடனுக்கான தவணை எல்லாம் விற்றாலும் விற்காவிட்டாலும் போகிற பணம், அவை இந்தக் கணக்கில் வரக் கூடாது. ஆனால் உடைந்து திரும்பி வரும் சரக்கு, அறுபது நாள் கடனுக்கு விடுவதால் ஏறும் வட்டி, வருடக் கடைசியில் டீலருக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகை இவை வர வேண்டும். நான் பார்த்த பத்தில் எட்டுக் கணக்குகளில் முதல் வகை உள்ளே இருந்தது, இரண்டாவது வகை வெளியே இருந்தது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் மாதம் 1140 பெட்டி போனது. மேலாளர் துள்ளிக் குதித்தார். 1140-ஐ 18-ஆல் பெருக்கினால் 20,520. முந்தைய மாதம் 28,000. மூன்றாம் மாதம் விற்பனை 930-க்கு விழுந்தது. டீலர்கள் விலை குறைவாக இருக்கும்போதே வாங்கிக் குடோனில் அடுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கார்ட்ரிட்ஜ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிற பொருள். விலை குறைந்துவிட்டது என்பதற்காக யாரும் மூன்று மாதத்தில் கழற்றி மாற்ற மாட்டார்கள். விலையை இறக்கினால் மொத்தப் பயன்பாடு கூடுமா, அல்லது அதே பயன்பாடு இங்கிருந்து அங்கு மாறுமா என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். விமானப் பயணச்சீட்டு விலை இறங்கினால், ரயிலில் போக இருந்தவரும் வீட்டிலேயே இருந்திருப்பவரும் பறப்பார்கள். கார்ட்ரிட்ஜ், பேட்டரி, அச்சு இயந்திர மை மாதிரிச் சரக்கில் நீங்கள் பிடுங்குவது முழுக்க எதிராளியின் பங்கு. அவன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான்.

அவன் பார்த்த பிறகு

எங்கள் கடிதம் போய் ஒன்பதாம் நாள் எதிர்க் கம்பெனி மறுபடி இறக்கியது. நாங்கள் இறக்கினோம். அவர்கள் இறக்கினார்கள். இது எங்கே போய் முடியும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜோசப் பெர்ட்ரான் 1883-லேயே எழுதிவிட்டார்: ஒரே மாதிரிப் பொருள், ஒரே மாதிரி அடக்கம், விலையில் மட்டும் போட்டி என்றால் இரண்டு பேர் இருந்தாலே போதும், விலை அடக்கத்தைத் தொடும்வரை வழுக்கிக்கொண்டே போகும்.

1992 ஏப்ரலில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் கட்டண முறையை நான்கே வகைகளாகச் சுருக்கி, கட்டணங்களைக் கணிசமாகக் குறைத்தது. தலைவர் ராபர்ட் கிராண்டாலின் எண்ணம், குழப்பமான தள்ளுபடிகளை ஒழித்து மற்றவர்களையும் அதே வரிசையில் நிறுத்துவது. அடுத்த மாதமே எதிர் விமான நிறுவனமான நார்த்வெஸ்ட் குடும்பப் பயணத்துக்கு ஒரு சீட்டு வாங்கினால் ஒரு சீட்டு இலவசம் என்று இறங்கியது. அமெரிக்கன் கோடைக்காலக் கட்டணத்தில் பாதியை வெட்டியது. விமானங்கள் நிரம்பி வழிந்தன. ஆனால் அந்த ஆண்டு அமெரிக்க விமானத்துறைக்குப் பெரும் நட்டத்தில் முடிந்தது. ஆண்டு முடிவதற்குள் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள். தனக்கு மூக்கு அறுந்தாலும் பரவாயில்லை, எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்கிற வேலை. இதில் மற்றவர்களுக்கும் மூக்கு அறுந்தது.

அப்படியானால் விலைப் போரில் யாருமே ஜெயிப்பதில்லையா? ஜெயிக்கிறார்கள், அடக்கம் குறைவாக இருக்கிறவர்கள். எனக்குப் பிடித்த உதாரணம் கால்குலேட்டரில் தொடங்குகிறது. 1970களின் நடுவில் கமோடோர் நிறுவனம் கால்குலேட்டர் செய்துகொண்டிருந்தது. உள்ளே வைக்கும் சிப்பை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸிடம் வாங்கியது. ஒருநாள் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தானே கால்குலேட்டர் செய்து, கமோடோர் கனவிலும் தர முடியாத விலைக்கு விற்க ஆரம்பித்தது. சிப் அவர்களுடையது, அடக்கமும் அவர்கள் கையில். கமோடோர் தள்ளாடியது. அதன் தலைவர் ஜாக் டிராமியல் பாடத்தைக் கற்றுக்கொண்டு, 1976-இல் மாஸ் டெக்னாலஜி என்ற சிப் தொழிற்சாலையையே வாங்கிப் போட்டார். சில ஆண்டுகள் கழித்து இரண்டு கம்பெனிகளும் வீட்டுக் கணினியில் மோதின. 1981-இல் 525 டாலருக்கு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கணினி, 1983-இல் 100 டாலருக்கும் கீழே விற்றது. இந்த முறை சொந்த சிப் வைத்திருந்த கமோடோருக்கு இன்னும் இறங்க இடம் இருந்தது. 1983 அக்டோபரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வீட்டுக் கணினித் தொழிலை விட்டே வெளியேறியது.

இரண்டு சுற்றிலும் விலையை முதலில் இறக்கியவர் யார் என்பது பெரிய விஷயமாக இல்லை. கடைசியாக இறக்க யாரால் முடியும் என்பதுதான் முடிவு செய்தது. எதிராளியின் அடக்கத்தைத் துல்லியமாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தோராயமாகப் போடலாம். அவன் பொருளை வாங்கிப் பிரித்து எடை பாருங்கள். எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், எந்த இயந்திரம், மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் உங்கள் சப்ளையருக்கும் லாரிக்காரருக்கும் தெரியும். நாங்கள் எதிர்க் கம்பெனியின் கார்ட்ரிட்ஜைப் பிரித்தது சண்டை தொடங்கி நான்கு மாதம் கழித்து. அவர்கள் சரக்கு எங்களுடையதைவிட ஒன்பது கிராம் குறைவாக இருந்தது. ஒன்பது கிராம் பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் என்பது ஒரு பெட்டியில் நல்ல காசு.

ஏன் இறக்கினான் என்று விசாரியுங்கள்

எங்கள் கதையின் கேவலமான பகுதி இதுதான். சண்டையெல்லாம் ஓய்ந்து ஒரு வருடம் கழித்து, இரண்டு கம்பெனிச் சரக்கையும் விற்ற ஒரு டீலரிடம் பாக்கி வசூலிக்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில், “அவங்க புது அச்சுக்கு மாறினாங்க இல்ல சார், பழைய அச்சு சரக்கைத் தள்ளிவிடத்தான் ரெண்டு மாசத்துக்கு இறக்கினாங்க. நீங்க ஏன் சார் அப்படிப் பாய்ஞ்சீங்க?” என்றார். நான் ஆபீசுக்கு வந்ததும் கோப்பைத் தேடி எடுத்தேன். அந்தத் திங்கட்கிழமை மேலாளர் சுருட்டிப் பிடித்திருந்த அதே விலைப்பட்டியல். மொத்தம் இரண்டு தாள். முதல் தாளில் புது விலை. இரண்டாம் தாளின் அடியில், பத்து அங்குல அளவு இரண்டு மாடலுக்கு மட்டும், இருப்பு உள்ளவரை என்று இருந்தது. எழுத்து சிறியதுதான், ஆனால் படிக்க முடியாத அளவுக்கு இல்லை. அந்தத் தாளை அன்று யாருமே புரட்டவில்லை.

அதனால் எதிராளி விலையை இறக்கினான் என்ற செய்தி வந்ததும் நான் கேட்கிற கேள்விகள் எல்லாம் சின்னச் சின்னவை. பட்டியல் முழுவதுமா, சில மாடல்களுக்கு மட்டுமா? முடிவுத் தேதி இருக்கிறதா? எல்லா டீலருக்குமா, ஒருவருக்கு மட்டுமா? பட்டியல் விலையே இறங்கியதா, அல்லது பத்துக்கு ஒன்று இலவசம் மாதிரி ஸ்கீமா? மூலப்பொருள் விலை சமீபத்தில் விழுந்ததா? அவன் புது இயந்திரம் வாங்கியிருக்கிறானா? வங்கிக் கடனுக்கு நெருக்கடியா? சரக்குத் தள்ளுகிறவனுக்கும், கைக்காசு இல்லாமல் தவிக்கிறவனுக்கும், நிஜமாகவே மலிவாகச் செய்யக் கற்றுக்கொண்டவனுக்கும் ஒரே பதிலைக் கொடுத்தால் மூன்றில் இரண்டு தடவை வீண். முதல் இருவரும் தாமே ஏற்றிவிடுவார்கள், கொஞ்சம் பொறுத்தால் போதும். மூன்றாமவன்தான் ஆபத்து, அவனுக்குப் பதில் விலைக் கடிதம் இல்லை, உங்கள் தொழிற்சாலைக்குள் இருக்கிறது.

இன்னொன்று: விலை இறங்கிய செய்தியை யார் கொண்டுவந்தார் என்று பாருங்கள். டார்கெட் எட்டாத விற்பனைப் பிரதிநிதிக்கு எதிராளியின் விலை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். வாயால் சொன்னதை நம்பாதீர்கள், பில் கேளுங்கள்.

பதில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால்

அகலமாக வெட்டாதீர்கள். எந்த வாடிக்கையாளர் நிஜமாகவே போகப் போகிறாரோ அவருக்கு மட்டும், எந்த மாடலில் அடி விழுகிறதோ அதில் மட்டும் கொடுங்கள். இதற்கு முதலில் உங்கள் கைக்கு வரும் விலை ஆளுக்கு ஆள் எவ்வளவு என்று தெரிய வேண்டும். பட்டியல் விலை ஒன்றாக இருக்கும். டீலர் கழிவு, ரொக்கத் தள்ளுபடி, இலவச டெலிவரி, தாமதமாக வரும் பணம், திரும்பி வரும் சரக்கு எல்லாம் போக மிஞ்சுவது வேறு. நான் எங்கள் டீலர் பில்களை ஒருநாள் மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். சராசரி 100 என்று நாங்கள் நம்பிய விலை, பெரிய டீலர் ஒருவரிடம் 91-ஆக இருந்தது. மாதம் இருபதே பெட்டி எடுக்கும் ஒருவர் 103 கொடுத்துக்கொண்டிருந்தார். ஆச்சரியம் என்னவென்றால், 91 கொடுத்தவர் அதிகம் வாங்குகிறவரும் இல்லை. அதிகம் கத்துகிறவர். இந்த ஓட்டைகளை அடைத்தாலே பல இடங்களில் விலைக்குறைப்புக்கான காசு கிடைத்துவிடுகிறது.

விலையைத் தொடாமல் பதில் சொல்ல வழி உண்டு. பெட்டியில் எண்ணிக்கையைக் கூட்டலாம், உத்தரவாதக் காலத்தை நீட்டலாம், இரண்டு பொருளைச் சேர்த்துக் கொடுக்கலாம், அடுத்த நாளே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். இவற்றையும் எதிராளி காப்பியடிப்பான். ஆனால் விலையை மாற்ற ஒரு நாள் போதும், டெலிவரியைச் சரிசெய்ய அவனுக்கு மாதக்கணக்காகும். தவிர, கூடுதலாகக் கொடுத்ததை நிறுத்துவது, இறக்கிய விலையை ஏற்றுவதைவிட எளிது.

பெரிய கம்பெனிகளுக்குப் பிடித்த இன்னொரு வழி, தனிப் பெயரில் ஒரு மலிவுச் சரக்கை இறக்கி அதை அனுப்பிச் சண்டை போடவைப்பது. மேலே உள்ள பிராண்டின் விலை அப்படியே இருக்கும். 1998-இல் இன்டெல் அப்படித்தான் செலரான் என்ற மலிவுக் கணினிச் சிப்பைக் கொண்டுவந்தது. மலிவுக் கணினிகளில் ஏஎம்டி போன்ற எதிர்க் கம்பெனிகள் நுழைந்துகொண்டிருந்த நேரம். முதல் செலரான் வேகம் போதவில்லை என்று விமர்சனத்தில் கிழிபட்டது. அதே ஆண்டு வந்த 300ஏ என்ற மாடல் நேர்மாறு: விவரம் தெரிந்தவர்கள் அதை 450 மெகாஹெர்ட்ஸுக்கு முடுக்கிவிட்டு, இன்டெலின் பல மடங்கு விலையுள்ள பென்டியம் இரண்டு சிப்புக்கு ஈடாக ஓட்டினார்கள். மலிவுச் சரக்கு மட்டமாக இருந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். நன்றாக இருந்துவிட்டால் உங்கள் உயர்ந்த சரக்கையே தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்த ஐபிஎம் 1990-இல் ஒரு விசித்திர வேலை செய்தது. நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அச்சிடும் லேசர் பிரிண்டரின் மென்பொருளில் வேண்டுமென்றே தாமதத்தைச் சேர்த்து, ஐந்து பக்கம் மட்டும் அச்சிடும் மலிவு மாடலாக விற்றது. பொருளைக் கெடுப்பதற்குக் கூடுதல் வேலை செய்வது பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் அவசரமானவரையும் பொறுக்கக் கூடியவரையும் அது பிரித்துவிடுகிறது.

எங்கே குறைவாகக் கிடைத்தாலும் அந்த விலைக்கே தருவோம் என்ற பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவருக்கான வாக்குறுதி மாதிரித் தெரிந்தாலும், அதை எதிராளியும் படிக்கிறான். ‘நீ இறக்கினால் அந்த நிமிடமே நானும் இறக்குவேன், உனக்கு ஓர் ஆள்கூடக் கூடுதலாகக் கிடைக்காது’ என்று அவனுக்குப் போகும் தந்தி அது. சில சந்தைகளில் அந்தப் பலகை விலையை இறக்குவதற்குப் பதில் இறங்காமல் தாங்கிப் பிடிக்கிறது. சின்ன வியாபாரிக்கு இது ஒத்துவராது என்பது என் கருத்து. எதிராளி அடக்கத்துக்குக் கீழே போனாலும் கூடவே குதிக்க வேண்டியிருக்கும்.

இறக்கியே தீர வேண்டிய நேரம்

விலையையே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அடக்கம் குறைந்த பிறகு இறக்கும் விலை நிற்கும். ஃபோர்டின் மாடல் டி கார் 1908-இல் 850 டாலர். 1913-இல் நகரும் உற்பத்தி வரிசை வந்தது. ஒரு சேசிஸை (வண்டியின் அடிச்சட்டம்) பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் ஆனது 93 நிமிடமாகச் சுருங்கியது. 1916-இல் விலை 360. மிச்சம் பிடித்ததை விலையில் இறக்கினார், விற்பனை பெருகியது, பெருகியதால் அடக்கம் இன்னும் குறைந்தது. மற்றவர்களால் தொடர முடியவில்லை. ஆனால் அந்த வண்டி ஓடியதும் ஓர் எல்லைவரைதான். 1920களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஃபோர்டைவிட அதிக விலைக்கு, நிறம், வருடா வருடம் புது மாடல், தவணை வசதி என்று விற்று ஃபோர்டை முந்தியது. 1927-இல் மாடல் டி நின்றது.

இன்னொரு சந்தர்ப்பம், நீங்களே வருடாவருடம் ஏற்றி ஏற்றி மலிவுச் சரக்குக்கு வாசலைத் திறந்துவிட்டிருப்பது. 1993 ஏப்ரல் 2, வெள்ளிக்கிழமை, ஃபிலிப் மோரிஸ் மார்ல்பரோ சிகரெட் பெட்டிக்கு 40 சென்ட், சுமார் 20 சதவீதம், குறைப்பதாக அறிவித்தது. அன்றே அதன் பங்கு விலையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு கரைந்தது. பிராண்டுகளின் காலம் முடிந்தது என்று எழுதினார்கள். சில ஆண்டுகளில் மார்ல்பரோ இழந்த சந்தையை மீட்டுவிட்டது. மலிவு சிகரெட்டுக்கும் அதற்கும் இருந்த இடைவெளி, அதன் சொந்த விலையேற்றத்தால் வந்தது. அதை ஒரே வெட்டில் மூடினார்கள். சொட்டுச் சொட்டாக இறக்கியிருந்தால் வாங்குகிறவர்கள் அடுத்த சொட்டுக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

இறக்கும்போது, நேற்று முழு விலை கொடுத்து வாங்கினவரை மறக்காதீர்கள். 2007 ஜூன் கடைசியில் 599 டாலருக்கு வந்த ஐபோன் செப்டம்பர் முதல் வாரத்தில் 399 ஆனது. வரிசையில் நின்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் மறுநாளே, ஆப்பிள் கடையில் வேறு பொருள் வாங்கிக் கழித்துக்கொள்ள அவர்களுக்கு 100 டாலர் வரவு அறிவித்தார். 2011-இல் நின்டெண்டோ தன் 3டிஎஸ் என்ற விளையாட்டுக் கருவியை 250-இலிருந்து 170 டாலருக்கு இறக்கியபோது, முன்பே வாங்கியவர்களுக்கு இருபது விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்தது. எனக்கு நின்டெண்டோ செய்ததுதான் பிடிக்கிறது. விளையாட்டு மென்பொருளை இன்னொருவருக்குக் கொடுக்க அவர்களுக்குச் செலவு ஒன்றுமே இல்லை, வாங்கினவருக்கோ மதிப்பு அதிகம். உங்களிடம் அப்படி என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். அதோடு, விலை மாறும் முன் டீலர் குடோனில் கிடக்கும் பழைய விலைச் சரக்குக்கு வித்தியாசத்தைக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் சரக்கு எடுத்து வைக்க மாட்டார்கள்.

தள்ளுபடிக்கே பழகிய வாடிக்கையாளரை ஒரே நாளில் திருத்தவும் முடியாது. 2012-இல் அமெரிக்காவின் ஜேசி பென்னி கடைகளில், ஆப்பிள் கடைகளை நடத்தி வந்த ரான் ஜான்சன் கூப்பனையும் தள்ளுபடி விற்பனையையும் நிறுத்தி, தினமும் ஒரே நியாய விலை என்று மாற்றினார். அந்த ஆண்டு விற்பனையில் சுமார் நான்கில் ஒரு பங்கு போனது. 2013 ஏப்ரலில் அவரும் போனார். பழைய குருடி கதவைத் திறடி என்று கூப்பன் திரும்பி வந்தது. அந்த வாடிக்கையாளர்கள் வாங்கியது துணியை மட்டும் இல்லை, விலையை அடித்து வாங்கினோம் என்ற திருப்தியையும் சேர்த்து.

ஒன்பதில் முடியும் விலை வேலை செய்யுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அஞ்சல் வழி விற்கும் ஒரு பட்டியலில் ஒரே ஆடையை 34, 39, 44 டாலர் என்று மூன்று விலையில் அச்சிட்டுப் பார்த்தார்கள். அதிகம் விற்றது 39. ஐந்து டாலர் மலிவான 34-ஐவிட அதிகம்! வேலை செய்கிறது, ஆனால் எல்லாப் பொருளிலும் ஒட்டினால் கண்ணுக்குப் பழகிவிடும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. எதிராளியைக் கூப்பிட்டு ‘சண்டை போதும், இரண்டு பேரும் ஏற்றுவோம்’ என்று பேசத் தோன்றும். பேசாதீர்கள். மேலே சொன்ன அதே கிராண்டால், பத்தாண்டுகளுக்கு முன் 1982-இல், பிரானிஃப் விமான நிறுவனத்தின் தலைவருக்குப் போன் செய்து அவரைக் கட்டணம் ஏற்றச் சொன்னார், தானும் மறுநாள் ஏற்றுவதாகச் சொன்னார். அந்தப் பேச்சு டேப்பில் பதிவாகி அரசு வழக்கில் போய் நின்றது. அடக்கத்துக்குக் கீழே விற்று எதிராளியை ஒழிப்பதும் பல நாடுகளில் வழக்குக்குரியது. ஐரோப்பிய நீதிமன்றம் 1991-இல் அக்ஸோ என்ற ரசாயன நிறுவனத்தின் வழக்கில், சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனம் சராசரி மாறும் செலவுக்கும் (உற்பத்தியோடு கூடிக் குறையும் செலவு, ஒரு பொருளுக்குச் சராசரியாக) கீழே விற்றால் அதைத் தவறாகவே கருதலாம் என்றது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993-இல் இன்னும் கடுமையான சோதனை வைத்தது: அடக்கத்துக்குக் கீழே விற்றதோடு, அந்த நட்டத்தைப் பின்னால் ஏற்றி வசூலிக்கும் வாய்ப்பும் இருந்ததைக் காட்ட வேண்டும். பொய்யாக ஒரு ‘பழைய விலை’யை எழுதி அடித்துக் காட்டும் வித்தைக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் கடிவாளம் போட்டது, தள்ளுபடி அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும்.

திரும்ப ஏற்றுவது

இறக்கும் கடிதத்திலேயே ஏற்றும் தேதியை எழுதுங்கள். பட்டியல் விலையைத் தொடாமல், பில்லில் ‘சிறப்புக் கழிவு’ என்று தனி வரியாகக் காட்டுங்கள். நாங்கள் பட்டியல் விலையையே மாற்றியதால் ஒவ்வொரு ஏற்றமும் புது விலையேற்றமாகவே பார்க்கப்பட்டது. 84-இலிருந்து மேலே வர ஐந்து கடிதம் அனுப்பினோம். முதல் கடிதத்துக்கு, 91 கொடுத்துக்கொண்டிருந்த அந்தக் கத்துகிற டீலர் கணக்கை முடித்துக்கொண்டு போனார். மேலாளர் கலங்கிப் போய் என் மேசைக்கு வந்தார். இருவரும் உட்கார்ந்து அவர் கணக்கைப் பிரித்தோம். 84 பட்டியலில் அவருடைய கழிவும் கடனும் போக எங்கள் கைக்கு வந்தது 75. வருட ஊக்கத்தொகையைக் கழித்தால் 73. பெட்டிக்கு ஒரே ஒரு ரூபாய் லாபத்துக்காக அவருக்கு மாதம் நான்கு முறை லாரி அனுப்பியிருக்கிறோம். மேலாளர் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தார். பிறகு இரண்டாவது கடிதத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்தார்.